முடிவைச் சொன்னவர் டீ வாங்க வேண்டும்

முப்பது பேர் உட்கார்ந்திருந்த இருட்டுக் கூடத்தில் அன்று மாலை என் மகளிடம் நான் சொன்னது பொய்யா, உண்மையா? இரண்டு மாதம் ஆகப்போகிறது. இன்னும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. துணி மடிக்கும்போது பொய்தான் என்று தோன்றுகிறது. மறுநாள் காலை அவளுக்குத் தலை வாரும்போது, பொய் என்று எப்படிச் சொல்வது என்று தோன்றுகிறது. யாரிடமாவது கேட்டுவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் கடலூரில், திருப்பாப்புலியூரில் இருக்கிறேன். கணவருக்கு சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. மாமியார் எங்களோடு இருக்கிறார். மகளுக்கு ஐந்து வயது, யூகேஜி படிக்கிறாள். நான் எம்.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன் என்று எழுத வந்தேன். அப்படி எழுதினால் கணவருக்குப் பிடிக்காது. "வெள்ளிக்கிழமையானா ரெண்டு தடவ தியேட்டருக்கு ஓடுறியே, அது வேலை இல்லாம என்னா?" என்பார்.

அவர் சொல்வது உண்மைதான். எங்கள் ஊர்ச் செய்திகளைப் போடும் ஓர் இணையப் பக்கத்துக்கு நான் புதுப்பட விமர்சனம் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குள் விமர்சனம் வந்துவிட வேண்டும். சனி, ஞாயிறுகளில் படத்துக்குப் போகலாமா என்று யோசிக்கும் குடும்பங்கள்தான் அதைப் படிக்கிறார்கள். காலைக் காட்சி பத்தரை மணிக்கு. மகளின் பள்ளி பன்னிரண்டரைக்கு விடுகிறது. இடைவேளை விட்டதும் கிளம்பினால்தான் சரியாக இருக்கும். அவளை அழைத்துக்கொண்டு வந்து, சோறு ஊட்டி, மாமியாரிடம் விட்டுவிட்டு, அடுத்த காட்சியின் இடைவேளை நேரத்துக்குத் திரும்ப தியேட்டருக்குப் போவேன். கதவருகே டிக்கெட் கிழிப்பவர் காலையில் கிழித்த துண்டையே வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், மிச்சம் பாக்க வந்தாச்சா?" என்று உள்ளே விடுவார். காலையில் வில்லன் துப்பாக்கியை நீட்டியபோது எழுந்து போனவள், மாலை நான்கு மணிக்கு வந்து உட்காரும்போது அவன் சுடுவான்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒரு படத்தை முழுதாகப் பார்க்காமல் அதைப்பற்றி ஒரு வரியும் எழுதக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தவள். தியேட்டர் வாசலில் கைபேசியும் மைக்குமாக நிற்கும் விமர்சகர்கள் சிலர் இடைவேளையிலேயே தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். அவர்களைப் பார்த்து மனதுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்வேன். அந்தப் பெருமை எனக்கு எங்கே போய் முடிந்தது என்பதும் இந்தக் கதையில் வருகிறது.

சிதம்பரத்தில் ஒரு திரைப்பட வட்டம் இருக்கிறது. மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்றரைக்கு, கீழவீதிக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் ஒரு பழைய படம் போடுவார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஜன்னல்களை மறைக்கத் திருப்பி மாட்டிய பழைய ஃபிளெக்ஸ் பேனர்கள், கல்லூரியிலிருந்து இரவல் வாங்கி வரும் புரொஜெக்டர். வட்டத்தை நடத்துகிறவர் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எல்லாருக்கும் அவர் அக்கா. படம் தொடங்குவதற்கு முன்னால் யாராவது ஒருவர் பத்து நிமிடம் அதை அறிமுகப்படுத்திப் பேச வேண்டும். ஒரு மாதம் அக்கா, ஒரு மாதம் நான். பேசுகிறவரே ஒரு பக்கக் குறிப்பும் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை ஜெராக்ஸ் எடுத்து நாற்காலிகளின் மேல் வைப்பார்கள்.

வட்டத்தில் ஒரே ஒரு சட்டம்தான். படத்தின் முடிவை யாரும் சொல்லக்கூடாது. அறிமுகம் செய்கிறவரும் சொல்லக்கூடாது, ஏற்கெனவே பார்த்தவர்களும் சொல்லக்கூடாது. வாய் தவறிச் சொன்னால், படம் முடிந்ததும் கூடத்தில் இருக்கும் எல்லாருக்கும் அவர் டீ வாங்கித் தர வேண்டும். தெற்கு வீதியில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒருவர் இதுவரை நான்கு முறை மாட்டியிருக்கிறார். "கடைசில எல்லாம் சரியாயிடும், பயப்படாம பாருங்க" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லிவிடுவது அவர் சுபாவம். மருந்து கொடுக்கும்போது சொல்லிப் பழகியதாக இருக்கும்.

நான் சிதம்பரம் போகும் ஞாயிறுகளில் மகளை மாமியார் பார்த்துக்கொள்வார். போன ஆடி மாதம் வரைக்கும் அதில் சிக்கல் இல்லை. ஆடியில் ஒரு ஞாயிறு, "இருட்டறதுக்குள்ள வந்துடுவேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பும்போது புதுச்சத்திரம் தாண்டி ரோடு வேலை நடக்கும் இடத்தில் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டது. வீட்டுக்கு வரும்போது ஏழரை. வாசற்படியில் மகள் உட்கார்ந்திருந்தாள். பள்ளி ஷூவை மாட்டிக்கொண்டிருந்தாள், இடமும் வலமும் மாற்றி. என்னைத் தேடிப் போவதற்காக மாட்டியிருக்கிறாள். அழவில்லை. "இருட்டாயிடுச்சு" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு நான் எங்கே கிளம்பினாலும், மாடியில் துணி எடுக்கப் போனாலும்கூட, "நீ வந்துடுவல்ல?" என்று கேட்க ஆரம்பித்தாள். வந்துடுவேன் என்று சொன்னால் நம்பிக்கையில்லாமல் என் முகத்தைப் பார்ப்பாள். அவள் அப்பா ஷிஃப்டுக்குக் கிளம்பும்போதும் அதே கேள்வி. சில நாள் காற்றில் சிப்காட் பக்கத்திலிருந்து ஒரு வாடை வரும். அந்த நாட்களில் அவளுக்குப் பதில் சொல்லும் முன்னால் எனக்கே ஒரு விநாடி தேவைப்படும். வட்டத்துக்குப் போவதையே நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். அக்காவிடம் சொல்லவும் செய்தேன். "ஒரு தடவ லேட் ஆனதுக்கு இவ்ளோ யோசிக்காத" என்றார் அவர். நான் எல்லாவற்றுக்கும் ஜாஸ்தி யோசிக்கிறவள் என்பது அவருக்குத் தெரியும்.

புரட்டாசியில் அறிமுகம் செய்யும் முறை எனக்கு. படத்தை அக்காதான் தேர்ந்தெடுத்தார். வடக்கே எடுத்த கருப்பு வெள்ளைப் படம். எனக்குத் தெரியாத மொழி, ஆங்கில சப்டைட்டில் உண்டு. படத்தின் பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் நீங்கள் தேடிப் பார்த்துவிடுவீர்கள். கதை இதுதான். ஆற்றங்கரையில் ஒரு தாயும் ஆறு வயது மகளும். தாய் ஒருநாள் வேலை தேடி அக்கரைக்குப் படகில் போகிறாள். "இங்கேயே இரு, வந்துடுறேன்" என்று மகளைக் கரையில் விட்டுப் போகிறாள். மகள் காத்திருக்கிறாள். படம் முழுக்க அந்தக் காத்திருப்புதான்.

இந்தப் படத்தை என் மகளைத் தூங்கவைக்கும்போதுதான் பார்த்தேன். வேறு நேரம் கிடைக்கவில்லை. மதியம் அவள் என் இடது கையில் தலை வைத்துப் படுத்திருப்பாள். வலது கையில் கைபேசி. இயர்போனை மாட்டினால் அவள் சிணுங்கினால் கேட்காது என்று பயம். சத்தம் வைத்தால் அவள் விழித்துக்கொள்வாள் என்று பயம். அதனால் ஒலியை முழுதாக நிறுத்திவிட்டு, சப்டைட்டிலைப் படித்துக்கொண்டே ஐந்து மதியங்களில் படத்தை முடித்தேன். ஒரு காட்சியையும் விடவில்லை. முழுதாகப் பார்த்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். தெரியாத மொழிதானே, கேட்டிருந்தாலும் புரிந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடைசிக் காட்சியில் இருட்டிவிடுகிறது. கரையில் உட்கார்ந்திருக்கும் சிறுமி மெல்லத் தலையைத் திருப்புகிறாள். அவ்வளவுதான், படம் முடிந்துவிடுகிறது. காத்திருந்து சலித்து, வீட்டுப் பக்கம் திரும்புகிறாள் என்று எனக்குப் பட்டது. தாய் வரப்போவதில்லை. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தூங்கும் மகளின் பாதங்களைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

குறிப்பை அன்றே எழுதினேன். அதில் ஒரு வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. "இந்தத் தாய் அடிக்கடி முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறாள். மகள் முன்னால் அழக்கூடாது என்று அழுகையை விழுங்குகிறாள்."

அந்த ஞாயிறு காலை எல்லாம் மாறிப்போனது. மாமியார் பெண்ணாடத்தில் ஒரு காதுகுத்துக்கு முந்தின நாளே போயிருந்தார். மகளைக் கணவர் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. பதினொரு மணிக்குக் கம்பெனியிலிருந்து அவருக்கு போன் வந்தது. ஒருவர் லீவ், இவர் மதிய ஷிஃப்டுக்குப் போயாக வேண்டும்.

"நான் அக்காகிட்ட வரலன்னு சொல்லிடறேங்க" என்றேன்.

"ஏன், பாப்பாவக் கூட்டிட்டுப் போயேன். அது வீட்ல டிவி பாக்கல?"

"அழுதுதுன்னா?"

"அழுதா வெளிய கூட்டிட்டு வா. நீதான் பாதிப்படம் பாத்துட்டு எழுந்திரிக்கிறதுல கெட்டிக்காரியாச்சே."

பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மகள் வழி முழுக்க உற்சாகமாக இருந்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு போவதால் ஒன்று மட்டும் நிம்மதி. அன்றைக்கு "வந்துடுவல்ல?" கிடையாது.

மாடிக் கூடத்தில் எல்லாரும் அவளைக் கொஞ்சினார்கள். மருந்துக்கடைக்காரர் பையிலிருந்து இருமல் மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். நான் முன்னால் நின்று பத்து நிமிடம் பேசினேன். அழுகையை விழுங்கும் தாயைப் பற்றி நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். "இந்தப் படம் உங்களுக்கு ஆறுதல் தருமா தராதா என்பதைச் சொல்ல மாட்டேன்" என்று முடித்தேன். மூன்றாவது வரிசையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கா விளக்கை அணைத்தார்.

இரண்டாவது நிமிடத்தில் அந்தத் தாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டு இருமினாள்.

அழுகை இல்லை. இருமல். நெஞ்சைப் பிளக்கிற மாதிரி காய்ந்த இருமல். அடுத்த காட்சியிலும் இருமினாள். அடுப்பு ஊதும்போது இருமினாள். மருந்துக்கடைக்காரர் முன் வரிசையிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். கையில் என் குறிப்பு இருந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் மரியாதைக்காகத்தான் அப்படிச் செய்தார். ஆனால் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. முப்பது நாற்காலிகளில் முப்பது ஜெராக்ஸ், எல்லாவற்றிலும் அந்த வரி.

நான் இப்படிக் குறுகிப்போய் உட்கார்ந்திருந்ததால் மகளைக் கவனிக்கவில்லை. திரையில் படகு கிளம்பிக்கொண்டிருந்தது. கரையில் சிறுமி நின்றாள்.

"அந்தம்மா என்னா சொல்றாங்க?" என்று மகள் கேட்டாள்.

"இங்கேயே இரு, வந்துடுறேன்னு சொல்றாங்க."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று எனக்கு உறைத்தது. அவள் என் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். திரையில் வெயில் ஏறியது, படகுகள் வந்தன, ஒவ்வொரு படகையும் சிறுமி ஓடி ஓடிப் பார்த்தாள். அவளோடு என் மகளின் உடம்பும் எழும்பி எழும்பி அடங்கியது. வெளியே கூட்டிப்போய்விடலாமா என்று நினைத்தேன். எழுந்தால் பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும். கொஞ்சம் பொறுக்கலாம் என்று நினைத்தேன். பொறுத்தது தப்பா என்றும் இன்னும் யோசிக்கிறேன்.

திரையில் ஒரு நீண்ட அமைதி வந்தது. ஆறு மட்டும் தெரிந்தது. அந்த அமைதியில் என் மகள், கூடம் முழுக்கக் கேட்கும்படி, கேட்டாள்.

"அம்மா, அவுங்க அம்மா வந்துடுவாங்கல்ல?"

யாரோ மெல்லச் சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பும் நின்றுவிட்டது. இரண்டு மாதமாக வீட்டு வாசலில் கேட்ட அதே குரலில் கேட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, இருட்டில் முகம் தெரியாது. என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் வயிற்றின் மேல் இறுக்கி வைத்துக்கொண்டாள். முப்பது பேரும் காத்திருந்தார்கள். எனக்கு முடிவு தெரியும். தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வரமாட்டாள் என்று சொன்னால் சட்டத்தை மீறியதாகும், மகளும் உடைந்துபோவாள். பாத்துட்டே இரு, தெரியும் என்று சொல்லியிருக்கலாம். ஒரு விமர்சகி அப்படித்தான் சொல்ல வேண்டும்.

"வருவாங்க" என்றேன்.

அவள் சாய்ந்துகொண்டாள். அந்த வயிறு தளர்ந்ததை என் கைகளில் உணர்ந்தேன். அதற்குப் பிறகு படத்தை நான் பார்க்கவே இல்லை. இன்னும் நாற்பது நிமிடத்தில் இவளுக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசிக் காட்சிக்கு முன்னால் தண்ணீர் குடிக்க என்று வெளியே கூட்டிப்போய்விடலாம். பாத்ரூம் என்று சொல்லலாம். ஆனால் அவள் அசையவில்லை. இருட்டி வந்த ஆற்றங்கரையைக் கண்கொட்டாமல் பார்த்தாள்.

சிறுமி கரையில் உட்கார்ந்திருந்தாள். திரை ஏறக்குறைய கருப்பாகிவிட்டது. அப்போது எங்கோ தூரத்தில், தண்ணீருக்கு மேல், ஒரு துடுப்பு விழும் சத்தம் கேட்டது. இன்னொரு முறை. அதன் பிறகு ஓர் இருமல்.

சிறுமி தலையைத் திருப்பினாள். படம் முடிந்தது.

"வந்துட்டாங்க" என்றாள் என் மகள். "இருமுனாங்கல்ல."

அக்கா விளக்கைப் போட்டபோது நான் இருந்த இடத்தைவிட்டு எழவில்லை. ஐந்து மதியங்கள் பார்த்த படத்தில் இல்லாத ஒரு முடிவு அது.

எங்கள் வட்டத்தில் படம் முடிந்ததும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு பேசுவது வழக்கம். நான்தான் முதலில் பேசினேன். வேறு யாராவது பேசிவிட்டால் எனக்கு வாய் வராது என்று பயமாக இருந்தது. சத்தமே இல்லாமல் படத்தைப் பார்த்ததைச் சொன்னேன். குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டு பார்த்தேன், குறிப்பில் இருப்பது தப்பு, அது அழுகை இல்லை, மன்னித்துவிடுங்கள் என்றேன்.

மருந்துக்கடைக்காரர்தான் அடுத்துப் பேசினார். "அழுகைன்னு நீ எழுதுனதும் முழுசா தப்பு இல்லம்மா. அந்த மாதிரி இருமல் வந்தா கூடவே அழுகையும் வரும். என் கடைக்கு வர்றவுங்களைப் பாக்கறேனே."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்று அவர் தொடர்ந்தார். "டீ யாரு வாங்கறது? நடுப்படத்துல முடிவச் சொன்னாங்க, நம்ம எல்லாரும் கேட்டோம். நாலு தடவ நான் வாங்கியிருக்கேன். இந்தத் தடவ விடமாட்டேன்."

"அண்ணே, சும்மா இருங்க" என்றார் அக்கா. "வருவாங்கன்னு இவ சொன்னது கொழந்தைக்கு. அதுவுமில்லாம, அவுங்க வந்தாங்கன்னு படத்துல எங்க இருக்கு? ஒரு இருமல் கேட்டுது. படகுல வந்த வேற யாராவது இருமியிருக்கலாம். அந்தப் பொண்ணு திரும்பிப் பாத்துது, யாரப் பாத்துதுன்னு காட்டலையே."

"அவ்ளோ நேரம் அந்த இருமலக் கேட்டிருக்கோம், எனக்குத் தெரியாதா? நான் இருமலக் கேட்டே சிரப் எடுத்துக் கொடுக்கறவன்."

"அப்ப வந்துட்டாங்கன்னு சொல்றீங்க?"

"வந்துட்டாங்க. அதனால இவுங்க சொன்னது முடிவு. அதனால டீ."

"வரலன்னா இவ சொன்னது முடிவு இல்ல. டீ கெடையாது" என்றார் அக்கா. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் நான் ஒன்று சொல்லியிருக்கலாம். தாய் வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டே வருவாள் என்று சொன்னேன், தெரிந்தே சொன்ன பொய் அது, படம் என்னைக் காப்பாற்றிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். இருமலைப் பற்றி ஒப்புக்கொண்ட வாய்தான், இதையும் ஒப்புக்கொண்டிருக்கலாம். ஆனால் மகள் பக்கத்து நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

மருந்துக்கடைக்காரர் அவளிடம் குனிந்தார். "நீ சொல்லு பாப்பா. அந்தம்மா வந்தாங்களா, இல்லயா?"

"வந்தாங்க."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கம்மா சொன்னாங்க" என்றாள். "எங்கம்மாவுக்கு முன்னாடியே தெரியும்."

நான் எழுந்தேன். கீழே டீக்கடைக்குப் போய், முப்பது டீயும் ஒரு பாலும் சொல்லிவிட்டு வந்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். மகளும் தட்டினாள். டீ குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா என் பக்கத்தில் வந்து, "நீ வாங்கியிருக்க வேணாம்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அவருக்கு என்ன புரிந்ததோ தெரியவில்லை. நான் கேட்கவில்லை.

திரும்பும் பேருந்தில் மகள் தூங்குவாள் என்று எதிர்பார்த்தேன். தூங்கவில்லை. வெளியே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஆலப்பாக்கம் வரும்போது சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். அம்மாவுக்கு அந்தப் படத்தின் முடிவு தெரியாது, தெரிந்ததாக நினைத்து வேறு ஒன்றைச் சொன்னேன் என்று எளிதாகச் சொல்ல வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தேன். ஐந்து வயதுக்குப் புரிகிற மாதிரி அடுக்க வரவில்லை. சிப்காட் கம்பெனி விளக்குகள் தெரிய ஆரம்பித்தன.

"அப்பா உள்ளதான் இருக்காரு" என்றாள், ஜன்னலில் விரலை வைத்து.

"ஆமா."

கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

"பத்து மணிக்கு வந்துடுவாரு" என்று அவளே சொன்னாள். என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

அன்றிலிருந்து அவள் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. முதலில் நான் நம்பவில்லை. வெள்ளிக்கிழமை மாலை, படத்தின் மிச்சத்தைப் பார்க்கக் கிளம்பும்போது வேண்டுமென்றே கதவருகே நின்று பார்த்தேன். "போயிட்டு வா" என்று சொல்லிவிட்டு வண்ணப் பென்சிலைச் சீவப் போய்விட்டாள். போன மாதம் அக்கா அறிமுகம் செய்த படத்துக்கு நான் தனியாகச் சிதம்பரம் போனேன். திரும்பி வந்ததும் மாமியார் சொன்னார். "வாசப்பக்கமே போவல. எங்கம்மா வந்துடுவாங்கன்னு சொல்லிட்டு தோசை தின்னுது. நீ என்னா மந்திரம் போட்ட?"

மந்திரம் எதுவும் இல்லை என்று சொன்னேன். கணவரிடம் மட்டும் நடந்ததை எல்லாம் சொன்னேன். "கொழந்தை சந்தோஷமா இருக்குல்ல. அப்புறம் என்னா?" என்றார். பிறகு அவரே, "ஆனா ஒண்ணு, இனிமே நீ சொல்றதெல்லாம் நடக்கணுமே" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

வரும் இரண்டாவது ஞாயிறு மறுபடியும் என் முறை. இந்த முறை இயர்போன் மாட்டிக்கொண்டு பார்த்தேன், அவள் பள்ளியில் இருக்கும் நேரத்தில், இரண்டு தடவை. கடலுக்குப் போகும் ஒரு தகப்பனின் கதை. முடிவைச் சொல்லக்கூடாதுதான், ஆனால் உங்கள் யோசனை வேண்டும் என்பதற்காகச் சொல்லிவிடுகிறேன், டீயும் வாங்கித் தந்துவிடுகிறேன். அவர் திரும்பி வருவதில்லை. இந்தப் படத்தில் இருமல் எதுவும் இல்லை. ஒரு சந்தேகத்துக்கும் இடமில்லை.

மாமியார் இந்த முறை வீட்டில்தான் இருக்கிறார். மகளை விட்டுவிட்டுப் போகலாம். ஆனால் போன வாரம் அக்கா போனில் பேசும்போது, "பாப்பாவயும் கூட்டிட்டு வா, எல்லாரும் கேக்கறாங்க" என்று சொன்னது மகள் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து ஒரு சின்னப் பையில் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். நேற்று நான் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். கைபேசியில் நின்றிருந்த காட்சியில் அந்தத் தகப்பன் வலையைத் தோளில் போட்டிருந்தார்.

"இந்த மாமா திரும்பி வந்துடுவாராம்மா?"

இந்த முறை முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். பயந்து கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நம்பி, பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள். "எழுதி முடிச்சிட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டேன். சரி என்று போய்விட்டாள். இன்று காலை ஷூ மாட்டும்போது, "எழுதி முடிச்சிட்டியா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். அது உண்மைதான். குறிப்பின் கடைசி வரி இன்னும் எழுதவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் குழந்தை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். படம் போடுவதற்கு முன்னால் அவளை உட்காரவைத்து, அவர் வரமாட்டார், சில பேர் வரமுடியாமல் போய்விடும், ஆனால் உன் அப்பா வருவார் என்று சொல்வதா? அப்படிச் சொன்னால் அடுத்த வாக்கியத்தை அவள் எப்படி நம்புவாள்? அவளை வீட்டில் விட்டுவிட்டுப் போய், அவர் வந்துவிட்டார் என்று வந்து சொல்வதா? இன்னும் ஏழெட்டு வருடம் கழித்து அந்தப் படத்தை அவளே பார்ப்பாளே. அல்லது புரட்டாசியில் என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டுமா, அம்மாவுக்கு ஒன்றும் முன்னாடியே தெரியாது என்று? சொன்னால் மறுபடியும் ஷூவை மாற்றி மாட்டிக்கொண்டு வாசற்படியில் உட்காருவாளோ என்று நினைக்கிறேன்.

இரண்டாவது ஞாயிற்றுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நீங்கள் உங்கள் பிள்ளைகளிடம் எப்படிச் சொன்னீர்கள் என்று இந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதுங்கள். சொல்லாமல் விட்டவர்களாக இருந்தால், பிறகு அதற்காக வருத்தப்பட்டீர்களா என்றும் எழுதுங்கள்.